மடுல்சீமை இலையும் நண்பரின் மூன்று பெட்டிகளும்

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னோடு உறவு பூண்டிருந்த நண்பர் ஒருவர் அண்மையில் காலமானார். மடுல்சீமையில் பிறந்து, அங்கேயே தோட்டப் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றி, அங்கேயே ஓய்வுபெற்றவர். பத்திரிகைகளில் அவரைப் பற்றி எதுவும் வரவில்லை. வராமற் போனதற்கு அவரும் ஒரு காரணம். பிறர் பெயர்களைத் தேடித்தேடி எழுதிவைத்த அவர் தமது பெயரை அச்சிற் காண ஒருபோதும் விரும்பியதில்லை. அந்த விருப்பத்தை மதித்து இங்கும் அவர் பெயரைத் தவிர்க்கிறேன். அவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் விடுவதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

இலங்கையின் மலையகம் என்றதும் வெளிநாட்டு வாசகர்களுக்கு நுவரெலியாவும் ஹற்றனும்தான் நினைவுக்கு வரும். மடுல்சீமை அவற்றுக்குக் கிழக்கே, ஊவா மாகாணத்தில் இருக்கிறது. பதுளையிலிருந்து பசறைக்குப் போய், அங்கிருந்து மேலும் மலையேற வேண்டும். மலைத்தொடரின் கிழக்கு விளிம்பு அது. மேகம் விலகிய காலைப் பொழுதில் கீழே சமவெளி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். எங்கள் இருவருக்கும் ஊர் அதுதான். என்னிலும் நான்கு வயது மூத்தவர் அவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவருக்கு நான் கடைசிவரை தம்பி.

எங்களை இணைத்தது சேகரிக்கும் பழக்கம். எழுபதுகளில் தோட்டத்துப் பையன்களுக்கு அது எப்படி வாய்த்தது என்று இன்றைய தலைமுறையினர் கேட்கக்கூடும். அதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும், மீதி 1,50,000 பேரின் விதியைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அதன் பிறகு எங்கள் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பதுளைப் புகையிரத நிலையத்துக்குப் போனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எங்கெங்கோ குடியேறினார்கள். அங்கிருந்து கடுதாசி வரும். கடுதாசி வந்த வீட்டில் வாசித்து முடித்து அழுது ஓய்ந்த பிறகு, உறையில் ஒட்டியிருந்த இந்திய முத்திரை எங்கள் கைக்கு வரும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, பழைய கொப்பிகளில் ஒட்டுவோம். எங்கள் தோட்டத்தில் ஒரு பையனிடம் எத்தனை இந்திய முத்திரைகள் இருந்தன என்பதைக் கொண்டு எத்தனை வீடுகள் காலியாயின என்று கணக்கிட்டுவிடலாம்.

நண்பரின் முத்திரைக் கொப்பிகள் நாலைந்து இருந்தன. உயர்தரம் படிப்பதற்காகப் பதுளை நகரில் உறவினர் ஒருவரின் கடைக்கு மேல்மாடியில் தங்கியிருந்தபோது அவற்றையும் உடன்கொண்டு போயிருந்தார். 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது அந்தக் கடையும் எரிந்தது. உடுத்த துணியோடு மலையேறி வந்து சேர்ந்தார். முத்திரைகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து என்னிடம் ஒன்று சொன்னார்: "தம்பி, முத்திரையை அச்சடிச்சவன்கிட்ட இன்னொண்ணு இருக்கும். நம்ம பெட்டிகள்ல கிடக்கிறதுக்கு இன்னொண்ணு கிடையாது."

அன்றிலிருந்து அவருடைய சேகரிப்பு வேறு திசையில் திரும்பியது. லயக்காம்பிரா ஒவ்வொன்றிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் நல்ல சேலை, ஒரு பொட்டு நகை, அவற்றுக்கு அடியில் கடுதாசிக் கட்டு. அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலையாயிற்று. பிறப்புப் பத்திரம், கூப்பன் புத்தகம், சம்பளத் துண்டு, பாடசாலை விடுகைப் பத்திரம், இந்தியக் கடவுச்சீட்டு, சங்கச் சந்தா அட்டை. சில வீடுகளில் இவற்றிலும் பழையவை கிடைத்தன.

அப்படிப் பழையவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, 'துண்டு'. இந்தச் சாதாரணத் தமிழ்ச் சொல் ஆங்கிலேயரின் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. ஒரு தொழிலாளியை அவனது கடன் தீர்க்கப்பட்டதும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். புதிய தோட்டம் பழைய கடனை அடைத்து ஆளை எடுக்கும். அந்தத் தொகை புதிய கடனாக அவன் தலையில் ஏறும். தோட்டம் மாறலாம், கடன் மாறாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

மற்றது, தகரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவில் ஆள் திரட்டும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகரவில்லை கொடுத்தார்கள். தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளின் தொடரெண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அதை அணிந்திருந்தால் வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு முகாம், கப்பல், புகையிரதம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கடத்திவிடுவார்கள். எழுத்தறியாதவர் வழிதவறாமற் போய்ச்சேர நல்ல ஏற்பாடு என்றே அன்றைய அதிகாரிகள் கருதினார்கள். நண்பர் கண்ட வில்லை ஒரு குழந்தையின் அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது என்றார்களாம். அது யாருடையது என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. வில்லையிலும் எண் இருந்ததே தவிரப் பெயர் இல்லை.

இதன் பிறகு அவர் தமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டார். எந்த மூலப் பத்திரத்தையும் காசு கொடுத்து வாங்குவதில்லை. இனாமாகத் தந்தாலும் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை உட்பட உள்ளது உள்ளபடியே கொப்பியில் எழுதிக்கொண்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்குமுன் அதன் சொந்தக்காரர் யார், என்ன உறவு, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் லயம் என்று விசாரித்து அதையும் எழுதுவார். சேகரிப்பாளர்களுக்கு உரிய பேராசை எனக்கு உண்டு. கையில் வந்த அரிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒருமுறை கேட்டேவிட்டேன். "அது அவுங்களுக்குப் பழசு இல்ல தம்பி, நாளைக்கு வேணும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை மலையக வரலாறு அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் அவரது தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதை நிறுவக் கேட்டது. பிறப்புப் பதிவு முறையாக நடக்காத தோட்டங்களில் தந்தையின் பிறப்புக்குச் சான்று எங்கே? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர்கள் ஏழாண்டும் மணமாகாதவர்கள் பத்தாண்டும் இடைவிடாமல் இந்நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது. விண்ணப்பங்களில் அடங்கியவர்கள் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. ஒரு செக்ரோல் பக்கம், ஒரு பாடசாலை இடாப்பு வரி, ஒரு கூப்பன் புத்தகம் கையில் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் நாடுள்ளதாகவோ நாடற்றதாகவோ ஆயிற்று. இந்த வழக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரைக்கும் நீண்டது. முத்திரை சேர்ப்பது உலகெங்கும் பொழுதுபோக்கு. எங்கள் மக்கள் கடுதாசி சேர்த்தது வாழ்வதற்காக.

நான் பேராதனையிற் கலைப்பீட மாணவனாக இருந்தபோது நண்பர் எனக்கொரு கடிதம் எழுதினார். மடுல்சீமையின் பெயர் உலக விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற கதையை அதிற் சொல்லி, மேலதிக விபரங்களை நூலகத்திற் பார்த்து அனுப்பும்படி கேட்டிருந்தார். தேடிப் பார்த்தபோது நானும் வியந்துதான் போனேன்.

1869ஆம் ஆண்டு. இலங்கை அப்போது கோப்பித் தேசம். ஆண்டுக்குப் பத்து இலட்சம் அந்தர் அளவுக்குக் கோப்பி ஏற்றுமதியான காலம் அது. அந்த ஆண்டு மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. இலைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. அங்கே பணிப்பாளராக இருந்த ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவைற்ஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கணக்காளராகத் தொடங்கித் தாவரவியலுக்கு வந்தவர். 1849இல் பேராதனைக்கு வந்த அவர் பின்னர் தாயகம் திரும்பவேயில்லை. அவர் இலைகளை மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி நோர்தாம்டன்ஷயரில் ஒரு கிராமத்துப் பாதிரியார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது பூஞ்சையே என்று 1846இல் வாதிட்டு எழுதியவர் அவரே.

பெர்க்லிக்கு ஒரு நண்பர் இருந்தார். பாத் நகருக்கருகே வாழ்ந்த கிறிஸ்தோபர் எட்மண்ட் புரூம். இருவரும் பூஞ்சைகளைச் சேகரிப்பதிலேயே பல பத்தாண்டுகளைக் கழித்தவர்கள். கண்டவற்றைச் சேர்ந்தே ஆராய்ந்து, இருவர் பெயரிலும் வெளியிட்டவர்கள். துவைற்ஸும் பிரிஸ்டல் காலத்திலேயே இவர்களின் வட்டத்தைச் சேர்ந்தவர்தான். நிலத்துக்கடியில் வளரும் பூஞ்சையொன்றுக்கு அவருடைய பெயரையே இந்த இருவரும் இட்டிருந்தார்கள். மடுல்சீமை இலையில் இருந்தது இதுவரை எவரும் வருணித்திராத பூஞ்சை என்று கண்டு, 1869 நவம்பரில் தோட்டக்கலை வார ஏடொன்றில் அறிவித்தார் பெர்க்லி. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்பது பெயர். முதற் சொல், வித்துக்களின் ஒரு பாதி வழவழப்பாக இருப்பதைக் குறிக்கும். இரண்டாவது, பாழாக்குபவள் என்று பொருள்படும் லத்தீன் சொல். அந்தப் பெயரின் பின்னால் 'பெர்க். – புரூம்' என்று இரண்டு நண்பர்களின் பெயர்களும் இன்றுவரை சேர்த்தே எழுதப்படுகின்றன.

பெயர் பொய்க்கவில்லை. சில ஆண்டுகளில் நோய் இலங்கையின் கோப்பி மாவட்டங்கள் எல்லாவற்றிலும் பரவியது. தென்னிந்தியா, சுமாத்திரா, ஜாவா என்று கடல் தாண்டியது. 1880இல் வந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரை மலைமலையாக இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வாய்ப்பாயிற்று என்று விளக்கினார். மருந்து கிடைக்கவில்லை. 1884இல் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி செத்த நிலங்களிலெல்லாம் ஏறியது. மடுல்சீமையில் அன்று கண்ட நோய் 1970இல் பிரேசிலையும் எட்டியது.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சேறியதும் அதே 1869இல்தான். தோட்டச் செய்கையை விதந்து பாடும் அந்நூலை மலையகத்தின் முதல் அச்சு இலக்கியமாகக் கொள்வர். கோப்பிக்குக் கும்மி அடித்த ஆண்டிலேயே கோப்பிக்குச் சாவு தொடங்கிவிட்டது.

இந்த விபரங்களை நான் அனுப்பியபோது நண்பர் எழுதிய பதிலை இன்றும் வைத்திருக்கிறேன். பெர்க்லி, புரூம் நட்பு அவரை மிகவும் கவர்ந்திருந்தது. பெர்க்லி 1879இல் தமது பல்லாயிரம் மாதிரிகளைக் கியூ தாவரவியற் பூங்காவுக்கு வழங்கினார். புரூமின் சேகரம் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனது. பத்திரமாக வைக்கப்பட்டதனால்தான் பிற்கால ஆய்வாளர்கள் அவற்றை மறுபடி எடுத்துப் பார்க்க முடிந்தது என்பதை அவர் பாராட்டி எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு கேள்வி: அந்த ஆண்டு மடுல்சீமையில் வேலை செய்தவர்களில் ஒருவர் பெயராவது அந்த ஏட்டில் உண்டா? இல்லை. நோய் கண்ட இலைக்கு இடம், ஆண்டு, அனுப்பியவர், பெயரிட்டவர் என்று எல்லாம் உண்டு. கோப்பி விழுந்தபோது சம்பளப் பாக்கியோடு வந்த வழியே நடந்தவர்களுக்கு அப்படியொரு சீட்டு எழுதப்படவில்லை. ஓர் இலைக்குச் செய்ததை ஒரு மனிதருக்குச் செய்ய வேண்டும் என்பதே பிற்பாடு அவரது வேலைத்திட்டமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பிறகு அவர் கொப்பிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் இடம்பெறத் தொடங்கின. மலையகத்தில் ஆங்கிலப் பெயர் கொண்ட தோட்டத்துக்குத் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று தனியே உண்டு. பேர்கியூசனின் இலங்கை வழிகாட்டியே அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் இல்லாத டிவிஷன் பெயர்கள், மலைப் பெயர்கள், பீலிப் பெயர்கள் ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதினார். இந்தியா போனவர்கள் எந்த லயத்தில், எந்தக் காம்பிராவில் இருந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள் என்றும் எழுதினார். கூடலூர்ப் பக்கமிருந்து பேரப்பிள்ளைகள் ஊர் தேடி வந்தபோது, பாட்டன் இருந்த காம்பிராவை அவரால் காட்ட முடிந்தது.

பயன் வேறு விதத்திலும் வந்தது. தோட்டத் தொழிலாளரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும், செக்ரோலில் இன்னொரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறொரு மாதிரியும் இருப்பது சகஜம். தமிழ் ஒலியை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒவ்வொருவர் தத்தம் காதுக்கு எட்டியபடி எழுதியதன் விளைவு. ஓய்வு பெற்றபின் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போது மூன்று பெயரும் ஒருவரே என்று நிறுவச் சொல்வார்கள். நாற்பதாண்டு கொழுந்தெடுத்த ஒரு மூதாட்டி இப்படி அலைந்துகொண்டிருந்தார். அவருடைய பழைய பத்திரங்கள் மழையில் ஊறிப் போய்விட்டன. நண்பர் இருபதாண்டுகளுக்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் எழுதிய பக்கத்தில் பாடசாலை இடாப்பின் எண் இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு மூலத்தைத் தேடி எடுத்தார்கள். பணம் கிடைத்தது.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. நாணயங்களிலும் வில்லைகளிலும் எனக்கு ஆசை அதிகம். கோப்பிக் காலத்தில் கொழும்பு ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குக் கூலியாக வழங்கிய உலோக வில்லைகளைக் கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட நாணய நூல் விபரிக்கிறது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின், 1843 என்று பொறித்த செப்பு வில்லையைப் படத்தில் பார்த்தே மயங்கியவன் நான். அப்படி ஒன்று விலைக்கு வந்தபோது அவரிடம் ஆலோசனை கேட்டேன். "வாங்கு. ஆனா அதிலயும் கம்பனி பேருதான் இருக்கும்" என்றார். வாங்கினேன். அவர் சொன்னது சரிதான்.

இந்தத் திசையில் அவர் தனியொருவர் அல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் கேட்டுத் திரட்டிய நாட்டார் பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாயின. மறுஆண்டு அவர் மறைந்தார். சாரல்நாடன், கோ. நடேசய்யரின் வாழ்வையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் தேடித் தொகுத்தார். கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் உருவாயிற்று. 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து எழுத்துக்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. இவர்கள் எல்லோரும் அறியப்பட்டவர்கள். என் நண்பரைப் போல் பெயர் தெரியாமல் மலைக்கு ஒருவராவது இருந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, எங்கள் பதுளை மாவட்டத்திலேயே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு தகரப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. அதன் பிறகு நண்பர் தம் கொப்பிகளைப் பிரதியெடுக்கத் தொடங்கினார். ஒன்று மடுல்சீமையில், ஒன்று கொழும்பில் மகனிடம், ஒன்று என்னிடம். 1983இல் எரிந்த முத்திரைக் கொப்பிகளைப் பற்றி அப்போதுதான் இரண்டாம் முறையாகப் பேசினார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தது தவறு என்றார்.

அவர் விட்டுச் சென்றவை மூன்று பெட்டிகள். முப்பத்தாறு கொப்பிகள். திருப்பிக் கொடுக்க ஆளில்லாமற் போன சில மூலப் பத்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'இன்னார் குடும்பத்துக்கு உரியது, கேட்டால் கொடுக்கவும்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. மகனும் நானும் இப்போது அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வருகிறோம். உயிரோடிருப்பவர்களின் சொந்த விபரங்கள் அடங்கியிருப்பதால் அப்படியே பொதுவில் வைக்க முடியாது. உரியவர்களைத் தேடிக் கேட்டு, சம்மதித்தவர்களுடையதை மட்டும் ஆவணக் காப்பகமொன்றில் ஒப்படைக்க எண்ணியிருக்கிறோம்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நண்பரும் ஒருநாள் கூட நடந்தார். திரும்பி வந்து, நடந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

அதையே வாசகர்களுக்கும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நீலகிரியிலோ, கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ இருந்து இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் ஒரு பழைய துண்டோ, கூப்பன் புத்தகமோ, கடவுச்சீட்டோ, யாரென்று தெரியாத ஒரு படமோ இருக்கலாம். எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரைந்துவிடும் என்பார் நண்பர்.